இன்ஸ்பெக்டரின் முழங்கை

வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டிலிருந்து ஒன்பது மணிவரை எங்கள் வட்டாரத்தில் திருட்டே நடப்பதில்லை என்று இன்ஸ்பெக்டர் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார். காவல்துறையின் கழுகுப் பார்வைதான் காரணம் என்பது அவர் கட்சி. உண்மையில் அந்த ஒரு மணி நேரமும் திருடர்கள் வீட்டில் உட்கார்ந்து ‘தப்பவே முடியாது’ பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொழில் சம்பந்தப்பட்ட நிகழ்ச்சி. பார்க்காமல் இருக்க முடியுமா?

‘தப்பவே முடியாது’ ஒரு போலீஸ் தொடர். அதன் நாயகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால் ஒரு குற்றவாளி பிடிபடுவான். திரும்ப மாட்டிக்கொண்டால் விளம்பரம் வரும். கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் நடுவில் அவன் நடப்பான். நடக்கும்போது காற்று வீசும். வெட்டவெளி என்றில்லை, அறைக்குள் நடந்தாலும் வீசும். ஒருமுறை லிஃப்டுக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தவனுக்கும் வீசியது. லிஃப்டில் கூட இருந்த கிழவிக்கு மட்டும் ஒரு முடிகூட அசையவில்லை.

இப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமையில்தான் எங்கள் சலூன்காரரின் நாற்காலி களவு போயிற்று. வீட்டில் டிவி பழுதாகிவிட்ட திருடர்கள் யாரோ செய்த வேலையாக இருக்க வேண்டும்.

நாற்காலி என்றால் நீங்கள் நினைக்கும் நாற்காலி இல்லை. சிவப்பு ரெக்சின் போட்டு, இரும்புக் காலில் நின்று, தரையோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கிய யானைக்குட்டி. பக்கத்தில் ஒரு மிதிகட்டை. அதை மிதித்தால் உட்கார்ந்திருப்பவர் மேலே போவார். போகும்போது ‘கீ...ச்’ என்று ஒரு சத்தம் வரும். பூனையின் வாலைக் கதவிடுக்கில் நசுக்கிவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் போனால் அது எப்படிக் கத்துமோ அப்படி. எங்கள் தெருவின் ஆண்கள் அத்தனை பேரும் அரைக்கால் சட்டைக் காலத்திலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் உயர்ந்திருக்கிறோம். இருக்கையின் இடது பக்கத்தில் ஒரு கிழிசல். சலூன்காரரின் வீட்டம்மா அதில் பச்சை ரெக்சின் ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டே தைத்ததால் தையல் பாம்பு மாதிரி ஓடும்.

என் தலையில் இப்போது மிச்சமிருப்பது காதோரம் மட்டும்தான். இருந்தாலும் வாரம் தவறாமல் போய் உட்கார்ந்துவிடுவேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு மேலே போக வேறு வழி ஏது?

சலூன்காரர் அந்தத் தொடரின் பரம பக்தர். சம்பவத்தன்று அவர் கடைக்கதவை இழுத்துவிட்டுப் பூட்டாமல் வீட்டுக்கு ஓடினார். திருட்டே நடக்காத நேரம் என்று இன்ஸ்பெக்டரே சொல்லியிருக்கிறாரே, பிறகு பூட்டு எதற்கு? நிகழ்ச்சி முடிந்து திரும்பி வந்தபோது கண்ணாடி இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, பவுடர் டப்பா இருந்தது. நடுவில் தரையில் போல்ட் கழன்ற ஓட்டைகள் மட்டும் அவரைப் பார்த்துப் பல்லிளித்தன.

மறுநாளே கடையின் சொந்தக்காரர் வந்து தலையை நீட்டினார். நாற்காலி இல்லாத சலூன் வெறும் கண்ணாடிக்கடை என்றும், மாதக் கடைசிக்குள் நாற்காலி வராவிட்டால் இடத்தைச் செல்போன் கடைக்காரனுக்கு விட்டுவிடப் போவதாகவும் அன்போடு சொல்லிவிட்டுப் போனார். புது நாற்காலி வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு வக்கிருக்கிற மனிதர் என் காதோரத்தை வெட்டிப் பிழைப்பாரா?

வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார்ந்தால் நம் தலை அவருடைய இடுப்புக்குத்தான் வரும். குனிந்து குனிந்து வெட்டியதில் எல்லா வெட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் தெரு ஆண்கள் இடது பக்கம் சாய்ந்த தலைகளோடு, யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்கிறவர்கள் மாதிரி நடமாடினோம்.

புகார் கொடுக்கப் போனபோது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

எங்கள் போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை தொடரின் ஆட்கள் நிஜமான ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக வந்து, கொட்டாவி விட்டுவிட்டுச் சீக்கிரமே போய்விட்டார்கள். அவர்கள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் அவர்களைப் பார்க்க ஆரம்பித்தார். ட்யூப்லைட்டுகள் கழற்றப்பட்டன. மேசைக்கு மேலே கம்பியில் ஒரு குண்டு பல்பு தொங்கியது. விசாரணை நடக்கும்போது அது ஆட வேண்டும் என்பதால், அதை ஸ்கேலால் தட்டிவிடும் பொறுப்பு ஏட்டிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஏட்டு வேறு எந்த வேலைக்கும் கூப்பிடப்படாததால் அதைச் சிரத்தையாகவே செய்தார்.

நாங்கள் உள்ளே போனபோது இன்ஸ்பெக்டர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. ஒரு காலண்டர்தான் இருந்தது. இருந்தாலும் வெளியே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். ஏட்டு பல்பைத் தட்டினார்.

“நாற்காலியைக் கடைசியா எப்ப உயிரோட பாத்தீங்க?”

சலூன்காரர் என்னைப் பார்த்தார். நான் பல்பைப் பார்த்தேன்.

“வெள்ளிக்கிழமை சாயந்திரம் சார்.”

“சமீபத்துல அதோட நடத்தையில ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா?”

“கொஞ்ச நாளா ரொம்ப கீச்சுன்னு கத்துச்சு சார்.”

“பயந்துபோய் இருந்திருக்கு,” என்று இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் சொன்னார். “எதிரிங்க?”

எதிர்க்கடையில் ஒருவன் ஏசி போட்டு முடிவெட்டுகிறான், அவனைத் தவிர வேறு யாரும் இல்லை என்று சலூன்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளறையிலிருந்து ‘கீ...ச்’ என்று ஒரு சத்தம் வந்தது. மனிதர் துள்ளி எழுந்துவிட்டார்.

“எலி,” என்றார் ஏட்டு.

“பிரமை,” என்றார் இன்ஸ்பெக்டர் அதே நேரத்தில். பிறகு ஏட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பறிகொடுத்தவர்களுக்கு இப்படித்தான் கேட்கும், போன வாரம் ஆட்டைத் தொலைத்த ஒருவர் இங்கே உட்கார்ந்து ‘மே’ என்று கேட்கிறது என்றார், பாவம் என்று விளக்கினார். அந்த ஆடு என்ன ஆயிற்று என்று கேட்க வாய் திறந்தேன். ஏட்டு பல்பை என் மூக்குக்கு நேராகத் தட்டிவிட்டதால் மூடிக்கொண்டேன்.

விசாரணை மறுநாள் தெருவுக்கு வந்தது. நாயகனின் படை ஒரே வரிசையில் மெதுவாக நடந்து வருமல்லவா, இன்ஸ்பெக்டரின் படையும் அப்படியே வந்தது. தொடரில் வருவது நெடுஞ்சாலை. எங்களுடையது இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கி நிற்கிற சந்து. ஓரத்தில் நடந்த இரண்டு போலீஸ்காரர்கள் சாக்கடைக்குள் நடந்தார்கள், ஆனால் முகத்தில் அந்தக் கம்பீரம் குறையவில்லை. பின்னால் மாட்டிக்கொண்ட காய்கறி வண்டிக்காரர் மணியடித்துப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கடைசியில் அங்கேயே வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டார்.

சலூனுக்குள் வந்ததும் இன்ஸ்பெக்டர் ஒரு முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். சின்ன இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“முடி,” என்றார்.

சலூன்காரர் மூலையில் கூட்டி வைத்திருந்த குவியலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் அந்தப் பக்கம் திரும்பினார். இத்தனை தடயத்தை விட்டுவிட்டுப் போன முட்டாள் திருடனை அவர் தன் அனுபவத்திலேயே பார்த்ததில்லையாம். குவியல் மொத்தத்தையும் சாக்கில் கட்டி ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். தெருவிலுள்ள எல்லா ஆண்களும் சம்பவ இடத்தில் இருந்திருக்கிறார்கள் என்று முடிவு வந்தது. எல்லோருடைய போட்டோவும் ஸ்டேஷன் பலகையில் ஏறியது. சிவப்பு நூலால் எங்களை ஒருவரோடொருவர் கோத்தார்கள். நான்தான் நாற்காலியில் அடிக்கடி உட்கார்ந்தவன் என்பதால் எல்லா நூலும் என் மூக்கில் வந்து முடிந்தது.

சலூன்காரர் இதையெல்லாம் பார்த்துப் பூரித்துப்போனார். தொடரில் வருகிற மாதிரியே செய்கிறார்கள், கட்டாயம் கிடைத்துவிடும் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். வீட்டம்மாவுக்கு அந்தத் தொடரைக் கண்டாலே ஆகாது.

“அந்தத் தொடர்ல என்னிக்காவது யாருக்காவது தொலைஞ்ச பொருளு கிடைச்சிருக்கா? கண்ணாடியைக் கழட்டுவான், மாட்டுவான். கண்ணு வலின்னா டாக்டர்கிட்ட போவேண்டியதுதானே.”

இப்படியே மாதம் பாதி ஓடிவிட்டது. அப்போதுதான் ‘தப்பவே முடியாது’வின் மகா எபிசோட் வந்தது.

அந்தத் தொடரில் ஒரு நீதிபதியை யாரோ கொன்றுவிட்டிருந்தார்கள். யார் என்று மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வெள்ளிக்கிழமை கொலையாளி பிடிபடுவான் என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி. அதைவிடப் பெரிய செய்தி, அந்த எபிசோடில் எங்கள் இன்ஸ்பெக்டரே நடித்திருக்கிறார் என்பது. ஸ்டேஷன் வாசலில் பெரிய திரை கட்டினார்கள். வாடகை நாற்காலிகள் போட்டார்கள். முன்வரிசையில் இன்ஸ்பெக்டரின் மனைவி, மாமியார், வெளியூரிலிருந்து இதற்காகவே வரவழைக்கப்பட்ட மச்சினிச்சி. அவர்களுக்குப் பின்னால் சாய்ந்த தலைகளோடு நாங்கள்.

இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடித்தார்.

“நிஜப் போலீசுக்கும் டிவி போலீசுக்கும் என்ன வித்தியாசம்னு பொதுமக்கள் கேக்கறீங்க. பெருசா ஒண்ணும் இல்ல. அதே உடுப்பு, அதே நடை, அதே கண்ணாடி. அவங்க ஒரு மணி நேரத்துல திருடனைப் பிடிச்சிடறாங்க, நாங்க பிடிக்கறதில்ல. அது ஒண்ணுதான். அதுவும் எங்க குத்தம் இல்ல. அவங்களுக்குத் திருடன் யாருன்னு எழுதிக் குடுத்துடறாங்க. எங்களுக்கு எவன் எழுதிக் குடுக்கறான்?”

கைதட்டினோம். எபிசோட் ஆரம்பித்தது.

நான் என் ஆயுளில் எத்தனையோ வீண் பொழுதுகளைப் பார்த்தவன். அலுவலகத்தில் வேலை பார்த்ததே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். முதலில் நாயகன் நடந்தான். பிறகு போன வாரம் நடந்ததைக் காட்டினார்கள். பிறகு நாயகன் ஒரு ஃபைலை மேசைமேல் எறிந்தான். அதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கூரையிலிருந்தும் காட்டினார்கள். ஃபைலுக்குள் என்ன இருந்தது என்று மட்டும் கடைசிவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. பிறகு பல் தேய்க்கும் பசை விளம்பரம் வந்தது. கதை சற்று நகர்ந்தது அந்த விளம்பரத்தில்தான். பல் கூச்சத்தோடு வந்த பெண் முடிவில் பல் கூசாமல் போனாள்.

அதற்குப் பிறகு விசாரணை அறை. இருட்டு. ஆடும் பல்பு. அதன் கீழே சந்தேகப்பட்ட ஆளை உட்கார வைத்திருந்தார்கள். நாயகன் நெருங்கி வந்தான், காற்று வீசியது, கண்ணாடியைக் கழற்றினான். ஆள் வாயைத் திறக்கவில்லை. நாயகன் காலால் எதையோ மிதித்தான். ஆள் மெல்ல மேலே போனான்.

‘கீ...ச்.’

திரையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியதும் வாசலில் இருந்த அத்தனை தலைகளும், சாய்ந்தது சாய்ந்தபடியே, சலூன்காரர் பக்கம் திரும்பின. சிறுவயதிலிருந்து எங்கள் எலும்புக்குள் ஏறியிருந்த சத்தம் அது. சந்தேகம் இருந்தவர்களுக்காக நாயகன் மறுபடி மிதித்தான். காமிரா கீழிறங்கியது. சிவப்பு ரெக்சின். இடது பக்கத்தில் பச்சை ஒட்டு. பாம்பாக ஓடும் தையல்.

“என் தையலு,” என்றார் வீட்டம்மா.

முன்வரிசையில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை எப்போது வருவார் என்று இன்ஸ்பெக்டரின் மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு திரையின் வலது ஓரத்தைக் காட்டினார். அங்கே, அந்த ஆளின் தோளை யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள். பிடித்திருந்தவரின் முழங்கை மட்டும் தெரிந்தது.

“வந்துட்டேன் அத்தை. அதோ.”

மாமியார் கண்ணை இடுக்கிப் பார்த்தார். “மனுஷன் வராம முழங்கை மட்டுமா மாப்பிள்ளை வந்துச்சு?”

மச்சினிச்சி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இருட்டில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கொலையாளி யார் என்றுதானே கேட்கிறீர்கள்? நீதிபதிக்கு ஓர் இரட்டைப் பிறவியாம். இத்தனை மாதமாக அப்படி ஒருத்தன் இருப்பதைப் பற்றி நீதிபதியின் மனைவிகூட மூச்சுவிடவில்லை. நாயகன் அவன் வீட்டு மாடிப்படியில் ஏறினான். டக், டக் என்று பூட்ஸ் சத்தம். அதைக் கேட்ட பயத்திலேயே இரட்டைப் பிறவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துவிட்டான். நாயகன் பிணத்தைப் பார்த்து “தப்பவே முடியாது” என்றான். தப்பித்துவிட்டவனிடம் அதைச் சொன்னான். கண்ணாடி மாட்டினான். முற்றும்.

காய்கறி வண்டிக்காரர்தான் முதலில் எழுந்து, இதற்காகக் கத்தரிக்காயை வதங்கவிட்டேனே என்றார்.

சலூன்காரர் நேராக இன்ஸ்பெக்டரிடம் போனார். நாற்காலி கிடைத்துவிட்டது என்று அவர் நம்பினார். டிவியில் எல்லோரும்தான் பார்த்தோமே.

“சார், அது என் நாற்காலி.”

இன்ஸ்பெக்டர் திரையைக் காட்டினார். அதில் தொடர் முடிந்ததும் ஓடுமே, அந்த எழுத்து நின்றுகொண்டிருந்தது.

“படிக்கத் தெரியும்ல? சத்தமாப் படி.”

சலூன்காரர் படித்தார். “இத்தொடரில் வரும் பாத்திரங்கள், இடங்கள், சம்பவங்கள், பொருட்கள் யாவும் கற்பனையே.”

“பொருட்கள். போட்டிருக்கா இல்லையா?”

“போட்டிருக்கு சார்.”

“அப்ப அந்த நாற்காலி என்ன?”

சலூன்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். “கற்பனை சார்.”

“கற்பனையை எப்படிய்யா மீட்கறது? எந்தச் சட்டத்துல இடம் இருக்கு? ஒரு வேளை உன் நாற்காலி நிஜமாவே காணாமப் போயிருந்தா அது வேற நாற்காலி. இது இல்லாத நாற்காலி. இல்லாததைப் பாத்துட்டு வந்து என்னுதுன்னு சொன்னா உன்மேலதான் கேஸ் போடணும். போய் வேலையைப் பாரு.”

வழக்கு அதோடு முடிந்தது. பலகையிலிருந்து எங்கள் போட்டோக்களை அவிழ்த்தார்கள். என்னுடையதில் மூக்கு இருந்த இடத்தில் ஓட்டைதான் திரும்பி வந்தது.

சலூன்காரர் டிவி கம்பெனிக்கும் போய்ப் பார்த்தார். அங்கே மேனேஜர் அவரை உட்காரச் சொல்லி, மரியாதையாகவே பேசியிருக்கிறார். அந்த நாற்காலி ஒரு பெரிய மனிதர் கலை ஆர்வத்தால் அன்பளிப்பாகக் கொடுத்தது, பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாராம். எபிசோடைப் பார்த்தவர்கள் எல்லோரும் போன் போட்டுத் திட்டித் தீர்த்துவிட்டார்கள், ஆனால் திட்டிய அத்தனை பேரும் அந்த நாற்காலி மட்டும் நன்றாக நடித்திருந்தது என்றார்கள், அதனால் இனி வாராவாரம் அது வரும், நாயகனுக்கு வீசுகிற காற்றில் பாதியை அதற்கும் திருப்பிவிடப் போகிறோம் என்று பெருமையோடு சொல்லி அனுப்பியிருக்கிறார். சலூன்காரர் ஒன்றும் புரியாமல் வீடு வந்து சேர்ந்தார். தன் நாற்காலி முன்னுக்கு வந்துவிட்டதில் லேசாகச் சந்தோஷம்கூடப் பட்டார் என்று வீட்டம்மா என்னிடம் தலையிலடித்துக்கொண்டு சொன்னார்.

மாதக் கடைசி வந்தது. செல்போன் கடைக்காரன் அளவு நாடாவோடு வந்து சலூன் சுவரை அளந்துவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் எங்கள் ஸ்டேஷனிலேயே படப்பிடிப்பு என்று வண்டிகள் வந்து இறங்கின. ராட்சச மின்விசிறியை நாலு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பின்னால், குடையின் நிழலில், எங்கள் நாற்காலி. நாயகனுக்குக்கூட அன்று குடை பிடிக்கவில்லை.

வீட்டம்மா கடைக்கு வந்தார். சலூன்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுந்திருங்க. போய் எடுத்துட்டு வரலாம்.”

“போலீஸ் ஸ்டேஷன்லேருந்தா? திருட்டாயிடுமே.”

“இல்லாத பொருளை எப்படிங்க திருடறது? நீங்கதானே அன்னிக்கு ஊரு கேக்கப் படிச்சீங்க.”

சலூன்காரர் யோசித்தார். அவருக்குச் சட்டத்தின்மேல் மரியாதை அதிகம். இன்ஸ்பெக்டர் வாயாலேயே வந்த சட்டம் என்பதால் மறுக்க அவருக்கு வழி தெரியவில்லை. என்னையும் காய்கறி வண்டிக்காரரையும் இன்னும் இரண்டு சாய்ந்த தலைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டேஷன் முற்றத்தில் நாயகன் நடந்துகொண்டிருந்தான். அவனுடைய நடையில் இயக்குநருக்குத் திருப்தி வரவில்லை. மின்விசிறியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனை கண்ணும் அங்கே. நாங்கள் நாற்காலியைத் தூக்கினோம். கனத்தில் உயிர் போயிற்று. அடிமேல் அடி வைத்துத்தான் நகர முடிந்தது. போதாக்குறைக்கு விசிறியின் காற்று எங்கள்மேல் திரும்பி, என் காதோர முடி இரண்டும் பறந்தன. வாசலில் நின்ற ஏட்டு எங்கள் நடையையும் காற்றையும் பார்த்தார். படப்பிடிப்பென்று முடிவு கட்டி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டார்.

கடையில் போல்டுகளை முறுக்கி முடித்ததும் முதல் ஆளாக நான் ஏறி உட்கார்ந்தேன். கடைச் சொந்தக்காரர் எட்டிப்பார்த்தார். ‘கீ...ச்’ என்றது. நீட்டிய தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் முகத்தில் ஒரு பக்கம் மழித்து, மறு பக்கம் நுரையாக இருந்தபோது மேனேஜர் மூச்சிரைக்க வந்து நின்றார். கூடவே இன்ஸ்பெக்டர். மேனேஜரின் கூச்சலைத் தொகுத்துச் சொன்னால் இவ்வளவுதான்: நாற்காலி எங்களுடையது, பட்டப்பகலில், போலீஸ் ஸ்டேஷனிலிருந்தே தூக்கிவிட்டார்கள், இந்தக் கும்பல் முழுவதையும் இப்போதே உள்ளே போட வேண்டும்.

சலூன்காரர் கையில் சவரக்கத்தியோடு நடுங்கினார். அதைவிட அதிகமாக நான் நடுங்கினேன். கத்தி என் கன்னத்தில் இருந்தது.

வீட்டம்மா ஒரு அடி முன்னால் வந்தார். “சார், இவரு காணாமப் போச்சுன்னு சொல்றாரே, அந்த நாற்காலி இவரு தொடர்ல வந்ததுதானே?”

“ஆமா,” என்றார் மேனேஜர்.

“அது கற்பனைன்னு அன்னிக்கு நீங்க சொன்னீங்களே சார். இது கற்பனையா, நிஜமா? நிஜம்னா, எங்களோடது எப்படி அங்க போச்சுன்னு கேக்கணும். கற்பனைன்னா, இவரு போகலாம்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். ஏதாவது சொல்லுங்கள் சார் என்று மேனேஜர் அவருடைய கையைப் பிடித்து உலுக்கினார். அவர் பிடித்த இடம் முழங்கை.

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் முழங்கையைப் பார்த்தார். முகம் மெதுவாகக் கறுத்தது.

“கையை எடுங்க,” என்றார். “கற்பனைப் பொருளுக்கெல்லாம் புகார் வாங்கறதில்ல. உங்க தொடர்லயே போட்டிருக்கு, போய்ப் படிங்க.”

மேனேஜர் போன பிறகும் அவர் நகரவில்லை. நான் அரைச் சவரத்தோடு எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சலூன்காரர் துணியைப் போர்த்தி, நுரை பூசி, மிதிகட்டையை மிதித்தார். இன்ஸ்பெக்டர் கீச்சென்று மேலே போனார். சலூன்காரர் அவருடைய தலையைப் பின்னால் சாய்த்துக் கத்தியைத் தொண்டையில் வைத்தார். மேலே ஒரு பல்பு ஆடிக்கொண்டிருந்தது. காற்றுதான், யாரும் தட்டிவிடவில்லை.

“சொல்லுங்க சார்,” என்றார் சலூன்காரர். மிரட்டவில்லை. எல்லா வாடிக்கையாளரிடமும் பேச்சை அப்படித்தான் ஆரம்பிப்பார். “நாற்காலி எப்படி அங்க போச்சு?”

இன்ஸ்பெக்டர் கத்தியை ஒருமுறை கடைக்கண்ணால் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மளமளவென்று கொட்டிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை திருடர்கள் கனம் தாங்காமல் நாற்காலியை ஸ்டேஷன் வாசலிலேயே இறக்கி வைத்துக் கைகால் நீட்டியிருக்கிறார்கள். ஸ்டேஷனே உள்ளே தொடர் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைவிடப் பத்திரமான இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் வெளியே வரவும் ஓடிவிட்டார்கள். நாற்காலி உள்ளறைக்குப் போயிற்று. மத்தியானத் தூக்கத்துக்கு முறை வைத்துக்கொண்டார்கள். நாங்கள் புகார் கொடுக்கப் போனபோது உள்ளே கீச்சிட்ட எலி, அதில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டர். பிறகு டிவிக்காரர்களுக்கு அப்படி ஒரு நாற்காலி தேவைப்பட்டது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு வேஷம் தேவைப்பட்டது.

“வசனம்கூடக் குடுத்தாங்கய்யா,” என்றார் நுரைக்குள்ளிருந்து. “‘உண்மையைச் சொல்லிடு’ன்னு நான் சொல்லணும். நாள் பூரா சொல்லிப் பாத்தேன். அதையும் வெட்டிட்டானுங்க.”

சலூன்காரர் கன்னத்தை மழித்தார். தொடரில் இத்தனை மாதமாக நடக்காத ஒன்று, ஒரு குற்றவாளி உண்மையை ஒப்புக்கொண்டது, எங்கள் கண்முன்னே நடந்து முடிந்திருந்தது. நாற்காலியைத் தூக்கி வந்த மற்றவர்கள் போய்விட்டதால், பார்க்க நானும் வீட்டம்மாவும் மட்டும்தான் இருந்தோம்.

முகம் துடைத்துவிட்டபோது இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் சலூன்காரரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“நீதான் அந்தத் தொடரை விடாம பாக்கறவனாச்சே. உண்மையைச் சொல்லிடு. என் முழங்கை எப்படி இருந்துச்சு?”

சலூன்காரர் கத்தியைத் துடைத்து மடக்கினார்.

“பிரமாதம் சார். நாற்காலியை விட்டா, அந்த எபிசோட்ல நடிச்சது அது ஒண்ணுதான்.”